தஞ்சோங் மாலிம் வரை

எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையில் கல்யாணமானாலும் ஞானஸ்நானமானாலும் கடைசிப் பந்தியில் கடைசி இலை கார்டு அண்ணனுடையதுதான். யாரும் அவரை ஒதுக்கி வைக்கவில்லை. "முதல் பந்தியில உக்காருங்கண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டார். எல்லோரும் சாப்பிட்டாயிற்றா, கைக்குழந்தைக்காரி யாராவது உள்ளே பசியோடு இருக்கிறாளா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அதற்குள் அப்பளம் தீர்ந்திருக்கும். பாயசத்தில் அடிவண்டல்தான் மிஞ்சியிருக்கும். அதைக் குடித்துவிட்டு, "இனிப்பெல்லாம் அடியிலதான் லா கெடக்குது, மேல குடிச்சவனுக்கு என்ன தெரியும்" என்று மலாய்க்காரர் மாதிரி 'லா' போட்டுச் சொல்லுவார்.

அவருக்குச் சரக்கு ரயிலில் கார்டு வேலை. ரயிலின் வாலில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கொடி, விசில், விளக்கு சகிதம் அதில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வருகிற வேலை. வண்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் சனமெல்லாம் எஞ்சினைப் பார்க்கும். ஸ்டேஷன்காரர்கள் மட்டும் கடைசிப் பெட்டியில் தொங்குகிற வால் விளக்கைத் தேடுவார்கள். அது வராவிட்டால் நடுவழியில் எங்கேயோ பெட்டி கழன்று நிற்கிறது என்று அர்த்தமாம். "கடைசிப் பெட்டி வந்தாத்தான் வண்டி வந்த கணக்கு" என்று வாய்க்கு வாய் சொல்லுவார். ரயிலை விட்டு இறங்கிய பிறகும் அவருக்கு அதே புத்திதான். கோயிலில் பூசை முடிந்தால் எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் வருவார். சவ ஊர்வலத்திலும் கடைசி ஆள் அவர்தான்.

நான் கல்யாணமாகி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கட்டைகுட்டையான மனிதர். அடுத்த வீடு. அவர் மனைவி அவரைவிட அரைச் சாண் உயரம். அதை வைத்து அவரைக் கேலி செய்வதில் அந்த அக்காவுக்கு அலுப்பே வராது. "பரண்ல இருக்கற டின்ன எடுங்கன்னா எங்க வீட்டு கார்டு கொடியத்தான் காட்டுவாரு" என்பார். அவரும் சிரிப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிறந்ததெல்லாம் தங்கவில்லை.

அவரை எனக்குச் சரியாகத் தெரிந்தது கிள்ளானில்தான். அங்கே ஒரு கல்யாணம். எங்கள் வரிசையே ரயிலேறிப் போனது. திரும்புகிற நேரத்தில் நான் கடைத்தெருவில் வளையல் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஸ்டேஷனுக்கு ஓடி வந்தால், விசில் ஊதியாயிற்று, கொடி ஆட்டியாயிற்று, வண்டி மட்டும் நகரவில்லை. பட்டுச்சட்டையும் வேட்டியுமாகக் கார்டு அண்ணன் ஒரு காலைப் பிளாட்பாரத்திலும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு, அந்த வண்டியின் கார்டிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு ஆள் கொறையுது! எங்க வரிசைப் பொண்ணு ஒண்ணு இன்னும் ஏறல! காலை எடுக்க மாட்டேன் லா!" நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன். உள்ளே என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். நான் ஏறாததை அவர் கவனிக்கவேயில்லை. அன்று எனக்கு வந்த வெட்கத்தில் பாதி எனக்காக, பாதி அவருக்காக.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. அவர் நல்லவர். ஆபீஸ் கிளார்க். வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அந்த வாய்தான் அவரை அந்த நடைக்கு இழுத்துக்கொண்டு போனது.

நடை என்று நான் சொல்லுவது புக்கிட் மெர்தாஜம் நடை. பினாங்குக்கு இக்கரையில் மாதாவைப் பெற்ற அன்னம்மாளுக்கு அங்கே ஒரு கோயில் இருக்கிறது. ஜூலை மாதக் கடைசியில் திருவிழா. எங்கள் சனங்கள் எல்லா ஊரிலிருந்தும் ரயிலேறிப் போவார்கள். ரயில்வேக்காரருக்குப் பாஸ் வேறு உண்டு. ஆனால் கார்டு அண்ணன் நடந்துபோக நேர்ந்துகொண்டவர். கடைசிப் பிரசவத்தில் அக்காவுக்கு ஜன்னி கண்டு, டாக்டர் கையை விரித்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, "அன்னம்மா தாயே, பிள்ளையத்தான் எடுத்துக்கிட்டே, இவளயாவது எனக்கு விட்டுக்குடு. சக்கரம் வச்ச எதுலயும் ஏறாம ஒன் கோயிலுக்கு நடந்தே வரேன்" என்று வேண்டியிருக்கிறார். அக்கா பிழைத்துவிட்டார். இவருக்குத்தான் வருஷா வருஷம் லீவு கிடைக்கவில்லை. நேர்ந்ததை முடிக்காமல் இழுத்தடித்தால் கொடுத்ததைச் சாமி திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று எங்களுக்கெல்லாம் ஒரு பயம் உண்டு. அப்படி நினைப்பதே பாவம் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்லுவார். நாங்கள் பக்தியாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பயப்படுவோம். அக்கா ஒரு தும்மல் போட்டால் அண்ணன் முகம் மாறிவிடும்.

ஒருவழியாக லீவு கிடைத்தது. வரிசையில் இன்னும் சில ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நேர்ச்சை இருந்தது, என் வீட்டுக்காரரைத் தவிர. "இது என்னண்ணே பெரிய தூரம், நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டார். ஆபீசுக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் நடந்தறியாத கால்.

நடந்துபோகிறவர் கையில் மெழுகுவர்த்தி கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். அவர் அங்கே ஏற்றினால், கொடுத்தவரும் கூடவே நடந்துபோன மாதிரி. அதனால் அண்ணன் புறப்படுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மெழுகுவர்த்தி வந்தது. யாருடையது என்று தெரிவதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் சுற்றியிருக்கும். கோடி வீட்டு அக்கா, மகனுக்கு வலிப்பு நிற்கவேண்டுமென்று முழ நீளத்தில் ஒன்று கொடுத்தார். பக்கத்து வரிசை இந்துக்காரர்கள்கூடக் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன், பச்சை நூல் சுற்றி. என்ன கேட்டேன் என்று சொல்லத் தேவையில்லை, கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தவள் என்ன கேட்பாள்? எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டி அண்ணன் தோளில் போட்டுக்கொண்டார். ஊர்வலம் மாதிரி எல்லோரும் புறப்பட்டுப் போனார்கள். வழக்கம்போல அவர்தான் கடைசி.

மற்றது நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. என் வீட்டுக்காரருக்கு வழியில் ரவாங் ஊரிலேயே குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. அவ்வளவு வீரம் பேசிவிட்டுத் திரும்பிப்போனால் வரிசையே சிரிக்குமே என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்திருக்கிறார். காலம்பாங் தாண்டிய பிறகு வெயிலில் பல் கிட்டிப்போய்ப் பின்தங்கினார். முன்னால் போனவர்களுக்குத் தெரியாது. அன்று தஞ்சோங் மாலிமுக்கும் அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் தங்குவதாக ஏற்பாடு. அங்கே போய்ச் சோறு பொங்கலாம் என்று அவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள். எல்லோருக்கும் பின்னால் வந்த அண்ணன் ஒருவர்தான் இவர் நடை கோணுவதைப் பார்த்தார்.

"தம்பி, எப்பலேருந்து காய்ச்சலு?"

"ஒண்ணுமில்லண்ணே. வெயிலு."

அண்ணன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லையாம். இவர் கையைத் தன் தோளில் போட்டு, பாதி தூக்கியும் பாதி இழுத்தும் தஞ்சோங் மாலிம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பயணிகள் வண்டி மறுநாள்தான். ஆனால் கோலாலம்பூர் போகிற சரக்கு வண்டி ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதன் கார்டு தெரிந்தவர்.

"இவர ஏத்திக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரில சேத்துரு லா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் அண்ணன்.

"ஏத்திக்கிறேண்ணே. ஆனா நீங்களும் வரணும். ஆளு பெனாத்துறாரு, எந்திரிச்சு ஓடப் பாக்குறாரு. நான் கொடியப் பாப்பேனா, இவரப் பாப்பேனா? வழில வெளிய விழுந்துட்டாருன்னா?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்த நாளில் வேறு எதுவும் நினைவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெளிவாக இருக்கிறது என்பார். படுத்திருந்த இடத்திலிருந்து அண்ணனுடைய கால்தான் தெரிந்ததாம், வெறுங்கால், புழுதியும் கொப்புளமுமாக. அந்தக் கால் படியில் ஏறியது. கீழே இறங்கியது. மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. விசில் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு காலும் உள்ளே வந்தன.

சக்கரம் வைத்ததில் ஏறியாயிற்று. நேர்ந்தது போயிற்று. பினாங்கு வழியில் பாதிகூட இல்லை அது, கால்வாசி இருந்தால் அதிகம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர், "இன்னும் ஒரு நாள் ரோட்டுல நடந்திருந்தா நான் பாத்திருக்கவே வேண்டியதில்ல" என்று சொன்னார். நான் அழுதேன். அண்ணன் வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். மறுநாள் காலையில்தான் அவருக்கு மெழுகுவர்த்தி மூட்டை ஞாபகம் வந்தது. முன்னால் போனவர்களிடம் அதைக் கொடுத்துவிட வழியில்லை. பிறகு பதற்றத்தில் தோளில் இருந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. ரயில் பெட்டியின் இரும்புத் தரையில் தலை இடிக்கிறதே என்று அதையே எடுத்து என் வீட்டுக்காரர் தலைக்கு வைத்திருக்கிறார். ஏற்கெனவே வெயிலில் இளகியிருந்த மெழுகு. அதன் மேல் காய்ச்சல் தலை. துணியைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிக் கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம். நூல்களெல்லாம் மெழுகுக்குள்ளே போய்விட்டன. யாருடையது எது என்று சொல்ல முடியாது.

அவர் வீடு வீடாகப் போய்த் தானே சொன்னார். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலர், பரவாயில்லண்ணே என்றார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோடி வீட்டு அக்கா மட்டும் நேராக எங்கள் வாசலுக்கு வந்து, "எங்க நேர்ச்சையெல்லாம் ஒன் புருஷன் தலைக்குத் தலகாணியாப் போச்சு" என்றார். மகன் வலிப்பில் துடிப்பதைத் தினமும் பார்க்கிற தாய். பக்கத்து வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கார்டு வீட்டு அக்காதான் முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார், "ஒரு உசுரு படுத்து எந்திரிச்ச தலகாணி, அதுக்கென்ன கொறச்ச?"

எல்லோரையும்விட அதிகமாக இழந்தவர் அவர். அவருக்காகத்தான் அந்த நடையே. அப்படிப்பட்டவர் எனக்காகப் பேசியதும் எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அந்தக் கட்டியை எறியவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. திருவிழா நாள் சாயங்காலம் அண்ணன் அதை ஒரு பழைய மங்குக் கிண்ணத்தில் வைத்து வீட்டு வாசற்படியில் கொண்டுவந்து வைத்தார். கத்தியால் சுரண்டித் திரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். "அங்க ஏத்த முடியல, இங்க ஏத்துவோம். அன்னம்மாளுக்குத் தஞ்சோங் மாலிம் வரைக்கும் கண்ணு தெரிஞ்சா பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் தெரியாதா?" என்றார். முதலில் யாரும் வரவில்லை. பிறகு ரயிலில் போக வசதியில்லாத கிழவிகள் வந்தார்கள். திரிகள் எரிய ஆரம்பித்ததும் கோடி வீட்டு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். அடுத்த வருஷம் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து அந்தப் பழைய கட்டி மேலேயே ஒட்டினார்கள். அப்படியே வழக்கமாகிவிட்டது.

நடந்து போய்ச் சேர்ந்தவர்கள் திரும்பி வந்து பெருமையாகக் கதை சொல்லும்போதெல்லாம் அண்ணனும் முகம் மலரக் கேட்பார். கேட்டுவிட்டு, "நானும் தஞ்சோங் மாலிம் வரைக்கும் போனவன்" என்று ஆரம்பித்துவிடுவார். அதில் வெட்கமே கிடையாது. கேலிக்காகவும் சொல்லவில்லை, உண்மையாகவே பெருமைதான். "இத்தன வருஷமா அந்த வழில வண்டில போயிருக்கேன். கடைசிப் பெட்டில நின்னா போன எடம்தான் தெரியும், வர்ற எடம் தெரியாது. நடந்தப்பதான் ஊரு எதுத்தாப்புல வந்துச்சு. ரோட்டோரமா நான் போறேன், என் வண்டி அந்தப் பக்கம் போகுது. வால் பெட்டில நிக்கிறவன் எனக்குக் கைய ஆட்டுறான். நான் ஒரு நாளாச்சும் யாருக்காவது கைய ஆட்டியிருக்கேனான்னு நெனச்சேன்." அதற்கப்புறம் அவர் வண்டி போகிற வழியிலெல்லாம் தண்டவாளத்தோரத்துச் சனங்களுக்குக் கையாட்டிக்கொண்டே போவதாக ரயில்வேக்காரர்கள் சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள்.

என் வீட்டுக்காரரால்தான் அந்தக் கதையைக் கேட்க முடியாது. தஞ்சோங் மாலிம் என்ற பேரைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். ஜூலையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற சாயங்காலம் ஆபீசில் வேலை இருப்பதாகச் சொல்லி நேரம் கழித்தே வருவார். வரிசையின் முனையில் இருக்கிற மரத்தடியில் நின்றுகொண்டு, எல்லாம் முடிந்து சனம் கலைகிற வரைக்கும் உள்ளே வரமாட்டார்.

மறு வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். வரிசை முழுவதற்கும் சீனி வாங்கிக் கொடுத்தவர் கார்டு வீட்டு அக்கா. குழந்தையை மடியைவிட்டு இறக்கவே மாட்டார். "பச்ச நூலுக்காரி" என்றுதான் அவளைக் கூப்பிடுவார். நான் கொடுத்த மெழுகுவர்த்தியில் என்ன கலர் நூல் என்பதை அவர் மட்டும் நினைவில் வைத்திருந்தார். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும்போதெல்லாம், நான் கேட்டது கிடைத்துவிட்டது, இவருக்காக நேர்ந்தது மட்டும் அப்படியே நிற்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். அவர் இருமினால் நான் கஷாயத்தோடு ஓடுவேன். "என்னாடி, எனக்கு நீ காவலா?" என்று சிரிப்பார்.

மகள் நடை பழகுகிற சமயத்தில் அக்கா போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர்தான். டாக்டர் ஏதோ பேர் சொன்னார். வரிசையில் எல்லோரும் வேறொன்று பேசிக்கொண்டார்கள், நான் வந்தால் மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். சவ ஊர்வலத்தில் அன்று ஒருநாள்தான் அண்ணன் முன்னால் நடந்தார். நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவருக்கு அந்த இடத்தில் நடக்கவே தெரியவில்லை.

அந்த ஜூலையிலும் மங்கு வாசற்படிக்கு வந்தது. சனம் வருவதற்கு முன்னால் அவர் தனியாக உட்கார்ந்து திரிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். அத்தனை நாள் உள்ளே கிடந்ததைக் கேட்டே விட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க அவர விட்டுட்டு நடந்து போய்ச் சேந்திருந்தா அக்கா இருந்திருப்பாங்களா?"

அவர் கையிலிருந்த திரியை நிமிர்த்தி வைத்தார். இல்லவே இல்லை என்று சொல்லுவார், அதைக் கேட்டு அழுதுவிட்டுப் போகலாம் என்று வந்தவள் நான்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார். "சாமியாரு இல்லன்றாரு. எனக்குத் தெரியாது. ஆனா இத நெனைக்காம நான் வண்டில ஏறல. இப்படி ஆனாலும் ஆகும்னு நெனச்சிதான் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் மொதல்ல அவகிட்டத்தான் சொன்னேன். ஒன்ன வச்சு நேந்தத ஒடச்சிட்டு வந்துட்டேன்னு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு தாலியறுத்து நிக்கிறத விட்டுட்டு, அங்க போயி எனக்கு உசுரு குடுன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேட்டிருப்பீங்கன்னா. அப்பறம் கால நீட்டுங்கன்னு சொல்லிக் கொப்புளத்துக்கு எண்ண போட்டா. அவ்வளவுதான்."

நான் நினைத்திருந்தது, அண்ணன் ஒருவர்தான் எங்களுக்காகத் திரும்பினார் என்று. அக்காவும் தெரிந்தேதான் என் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இரண்டு வருஷமும் நான் கஷாயம் கொண்டுபோனபோது சிரித்தது, எல்லாம் தெரிந்த சிரிப்பு.

சனம் வந்துவிட்டது. ஆளாளுக்கு மெழுகுவர்த்தியை ஒட்டிவிட்டு நின்றார்கள். இருட்டத் தொடங்கியது. கோடி வீட்டு அக்கா, "ஏத்துங்கண்ணே, இன்னும் யாருக்குப் பாக்குறீங்க?" என்றார். அவர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க. ஒரு ஆள் கொறையுது" என்றார்.

பிறகு எழுந்து, அந்த மரத்தடி வரைக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி! ஒங்களுக்காகத்தான் வண்டி நிக்குது, வாங்க!" என்று கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் மரத்தைவிட்டு வெளியே வந்தார். குனிந்த தலை நிமிராமல் அத்தனை பேர் நடுவிலும் நடந்து வந்து படிக்குக் கீழே நின்றார். அண்ணன் தீப்பெட்டியை அவர் கையில் வைத்தார். முதல் குச்சி காற்றில் அணைந்துபோயிற்று. அடுத்த குச்சிக்கு அண்ணன் தன் இரண்டு கையையும் சுற்றி வைத்து மறைத்துக்கொண்டார்.

திரிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. எல்லோரும் அன்னம்மாள் பாட்டுப் பாடினார்கள். முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்குப் போனோம். அண்ணன் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்குள் விளக்கு ஏற்ற ஆள் இல்லை.